இங்கிலீஷ் கத்துக்க வந்தவர், எழுத்தாளரா திரும்பிப் போனார்! - ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற ட்யூஷன் வாத்தியாரின் கதை

1904, அக்டோபர் மாசம். ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் பெரிய துறைமுகமான ட்ரியஸ்ட் நகரத்தில் ஒரு இளம் ஜோடி ரயிலிலிருந்து இறங்கியது. பையனுக்கு 22 வயசு. பொண்ணுக்கு 20. ரெண்டு பேரும் அயர்லாந்துக்காரர்கள். வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவர்கள். கல்யாணம் ஆகவில்லை. கையில் காசு இல்லை. அந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாது. ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பூங்காவில் அவளைப் பெட்டியோடு உட்காரவைத்துவிட்டு, தங்க இடமும் கொஞ்சம் பணமும் புரட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான் பையன்.

நேரம் போனது. ஆளைக் காணோம்.

என்ன ஆச்சு தெரியுமா? ஊரின் பெரிய சதுக்கத்தில் சில ஆங்கிலேய மாலுமிகள் குடித்துவிட்டுத் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள். பாஷை தெரிந்தவன் ஆச்சே என்று இவன் அவர்களுக்காகப் பேசப்போனான். போலீஸ் இவனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. புது ஊரில் முதல் நாளே லாக்கப்!

அந்தப் பையன்தான் ஜேம்ஸ் ஜாய்ஸ். பூங்காவில் காத்திருந்த பொண்ணு நோரா பார்னகிள். பின்னாளில் 'யுலிஸஸ்' என்ற நாவலை எழுதி, நாவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றிருந்த கணக்கையெல்லாம் மாற்றிப்போட்டவர் ஜாய்ஸ். படிக்கிறதுக்குக் கஷ்டமான எழுத்தாளர் என்ற பேரும் அவருக்கு உண்டு. ஆனா, இந்தக் கதையில் நாம பார்க்கப்போறது அந்த ஜாய்ஸை இல்லை. வீடு வீடாகப் போய் வளர்ந்த ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து, அந்தக் காசில் அரிசி பருப்பு வாங்கின ட்யூஷன் வாத்தியார் ஜாய்ஸை. அவருக்கும் அவரைவிட 20 வயசு மூத்த ஒரு ஸ்டூடண்டுக்கும் நடுவில் வளர்ந்த ஒரு உறவை.

வேலை இருக்குன்னாங்க... போனா இல்லை!

ஜாய்ஸ் 1882-ல் டப்ளினில் பிறந்தவர். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அப்பா கலகலப்பான மனுஷர், நல்லாப் பாடுவார். ஆனா சொத்தை ஒவ்வொன்றாகக் குடித்தே தீர்த்தார். குடும்பம் வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருந்தது. ஜாய்ஸுக்குப் படிப்பு நன்றாக வந்தது. கல்லூரியில் மொழிகள்தான் அவர் பாடம். இத்தாலிய மொழியையும் பிரெஞ்சையும் விரும்பிப் படித்தார். 1903-ல் அம்மா இறந்துபோனார். அடுத்த வருஷம் ஜூன் மாசம் நோராவைச் சந்தித்தார். அக்டோபரில் ரெண்டு பேரும் கப்பல் ஏறிவிட்டார்கள்.

இங்கேதான் ஒரு விஷயம் இருக்கு. அவங்க கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்பலை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் உள்ள பெர்லிட்ஸ் மொழிப்பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை காத்திருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் மூலமாகத் தகவல் வந்திருந்தது. அதை நம்பித்தான் போனார்கள். போனால், அப்படி ஒரு வேலையே இல்லை. அங்கிருந்து ட்ரியஸ்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். ட்ரியஸ்ட்டிலும் காலியிடம் இல்லை. கடைசியில் அங்கிருந்து தெற்கே, கடலோரத்தில் இருக்கும் போலா என்ற சின்ன ஊரில் புதிதாகத் திறந்த கிளைக்கு அனுப்பிவைத்தார்கள். இன்றைக்கு அந்த ஊர் குரோஷியாவில் இருக்கிறது.

ஏஜென்ட் பேச்சை நம்பி வெளிநாட்டுக்குப் போய், இறங்கினதும் அந்த வேலையே இல்லைன்னு தெரிஞ்சவங்க கதை உங்களுக்குப் புதுசு இல்லைதானே? 120 வருஷத்துக்கு முன்னாடி ஜாய்ஸுக்கும் அதேதான் நடந்தது.

போலாவில் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. சம்பளம் 2 பவுண்டு. மாணவர்கள் யார்? ஆஸ்திரியக் கடற்படை அதிகாரிகள். மிடுக்கான யூனிஃபார்ம் போட்ட, நன்றாக வளர்ந்த ஆண்கள். அவர்களுக்கு முன்னால் பழைய கோட்டு போட்ட 22 வயசு வாத்தியார். 1905 மார்ச்சில் ட்ரியஸ்ட் பள்ளியிலேயே இடம் கிடைத்து, ஜாய்ஸும் நோராவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷமே மகன் ஜியார்ஜியோ பிறந்தான். தம்பி ஸ்டானிஸ்லாஸையும் டப்ளினிலிருந்து வரவழைத்து அதே பள்ளியில் வாத்தியார் ஆக்கினார். தம்பி சம்பளம் அண்ணன் குடும்பத்துக்குச் செலவானது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கும் வாத்தியார்

பெர்லிட்ஸ் பள்ளிகளுக்கு ஒரு முறை உண்டு. மொழிபெயர்ப்பு கிடையாது. முதல் நாள் முதல் வகுப்பிலிருந்தே வாத்தியார் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவார். மேஜையைக் காட்டி மேஜைக்கான வார்த்தையைச் சொல்வார். கதவைத் திறந்துகொண்டே திறக்கிறேன் என்பார். மாணவர் பார்த்து, கேட்டு, திருப்பிச் சொல்லிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு மொழி கற்றுத்தரும் பல ஆப்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஜாய்ஸ் இந்த முறையை எடுத்துக்கொண்டு, அதில் தன் குறும்பையும் சேர்த்துக்கொண்டார். பாடப்புத்தகத்தில் வரும் உப்புச்சப்பில்லாத வாக்கியங்கள் அவருக்கு ஒத்துவராது. கடன், குடி, அயர்லாந்து, அரசியல், ஊர் வம்பு என்று எதை வேண்டுமானாலும் உதாரண வாக்கியமாக்குவார். ஒருமுறை ஒரு இளைஞரிடம் எண்ணெய் விளக்கு ஒன்றை ஆங்கிலத்தில் வர்ணிக்கச் சொன்னார். அவருக்கு வார்த்தை வரவில்லை. திணறினார். உடனே ஜாய்ஸே எடுத்துக்கொண்டு, அரை மணி நேரம் அந்த விளக்கின் ஒவ்வொரு பாகத்தையும் ரசித்து ரசித்து வர்ணித்தார். வகுப்பு முடிந்ததும் சில வீடுகளில் மாடிப்படிக் கைப்பிடியில் சர்ரென்று சறுக்கிக்கொண்டு கீழே இறங்குவார். பின்னாலேயே ஸ்டூடண்டும் சறுக்குவார்!

சிரிப்பு வருதுல்ல? ஆனா இதுக்குள்ளே ஒரு விஷயம் இருக்கு. வளர்ந்தவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பது, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இல்லை. ஆபீஸில் பத்துப் பேரை அதட்டுகிற ஆள், வகுப்பில் ஒரு சின்ன வாக்கியம் சொல்லத் திக்கும்போது கூனிக்குறுகிப் போய்விடுவார். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற வெட்கம்தான் முதல் எதிரி. தன்னைத்தானே கோமாளி ஆக்கிக்கொள்கிற வாத்தியார் முன்னால் அந்த வெட்கம் கொஞ்சம் குறையும்.

45 வயசு ஸ்டூடண்ட்

1906-ல் வாத்தியார் வேலை அலுத்து, ரோம் நகரத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ஜாய்ஸ். நாள் முழுக்கக் கடிதம் எழுதும் வேலை. ஏழெட்டு மாசம்கூடத் தாங்கவில்லை. 1907 மார்ச்சில் ட்ரியஸ்ட்டுக்கே திரும்பினார். அந்த வருஷம் அவருக்கு முடக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். அதே சமயத்தில் மகள் லூசியா, ஏழைகளுக்கான பிரசவ வார்டில் பிறந்தாள். பள்ளி வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு போய்த் தனி ட்யூஷன் எடுக்க ஆரம்பித்தார்.

அப்படி வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர்தான் எட்டோரே ஷ்மிட்ஸ். வயசு 45. பணக்காரர். அவருடைய மாமனார் குடும்பம் கப்பலின் அடிப்பகுதிக்குப் பூசும் ஒரு விசேஷப் பெயின்ட்டைத் தயாரித்து வந்தது. கடலில் ஓடும் கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டால் கப்பலின் வேகம் குறையும். அதைத் தடுக்கும் பெயின்ட் அது. கலவையின் ரகசியம் குடும்பத்தைத் தாண்டி வெளியே போகாது. பிரிட்டிஷ் கடற்படையே வாடிக்கையாளர். அதனால் லண்டனில் சார்ல்ட்டன் பகுதியில் ஒரு தொழிற்சாலையும் திறந்திருந்தார்கள். அதைக் கவனிக்க ஷ்மிட்ஸ் அடிக்கடி லண்டன் போய்த் தங்க வேண்டும். அங்கே தொழிலாளிகளோடும் பக்கத்து வீட்டாரோடும் பேச இங்கிலீஷ் வேண்டும். அவருக்கோ இங்கிலீஷ் தகராறு.

ட்யூஷனுக்குக் காரணம் இவ்வளவுதான். வேலைக்காக வேற நாட்டுக்குப் போய் வாழ வேண்டிய ஒருத்தர், நடுவயசில் பாஷை கத்துக்க உட்கார்ந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்தான். நகரத்தின் ஓரத்தில், தொழிற்சாலையை ஒட்டி இருந்த அந்தப் பெரிய வீட்டில் பாடம் தொடங்கியது. ஷ்மிட்ஸின் மனைவி லிவியாவும் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

ஒளிச்சுவெச்ச ரெண்டு புத்தகம்

இலக்கணம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பேச்சு புத்தகங்கள் பக்கம் போய்விடும். ஒருநாள் ஜாய்ஸ் தான் புதிதாக எழுதி முடித்த 'இறந்தவர்கள்' என்ற நீண்ட சிறுகதையை அவர்களுக்குப் படித்துக்காட்டினார். அப்போது அவர் கதைத் தொகுப்பு எதுவும் வெளிவரவில்லை. உலகத்துக்கு அவர் யாரென்றே தெரியாது. கதையைக் கேட்ட லிவியா நெகிழ்ந்துபோனார். எழுந்து தோட்டத்துக்குப் போய்ப் பூக்களைப் பறித்துக் கொத்தாகக் கட்டி வாத்தியார் கையில் கொடுத்தார். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு எழுத்தாளருக்கு அந்தப் பூங்கொத்து எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அப்போதுதான் ஷ்மிட்ஸ் தயங்கித் தயங்கி ஒரு ரகசியத்தைச் சொன்னார். தானும் ஒரு காலத்தில் எழுத்தாளனாக இருந்ததாக.

பணக்கார வீட்டு மாப்பிள்ளை ஆவதற்கு முன்னால் ஷ்மிட்ஸ் ஒரு வங்கி குமாஸ்தா. அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனதால் 18 வயசில் வங்கியில் சேர்ந்து, சுமார் 19 வருஷம் அங்கே எழுதிக் குவித்தவர். ராத்திரியில் தன் சொந்த எழுத்து. 1892-ல் 'ஒரு வாழ்க்கை' என்ற நாவலைக் கைக்காசு போட்டு வெளியிட்டார். 1898-ல் இன்னொன்று, 'முதுமை'. புனைபெயர் இத்தாலோ ஸ்வேவோ. பேசுவது இத்தாலிய மொழி, பள்ளிப்படிப்பு ஜெர்மனியில். ரெண்டையும் சேர்த்து வைத்த பெயர் அது. விமர்சகர்கள் ரெண்டு நாவலையும் கண்டுகொள்ளவே இல்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை, மௌனம்தான் கொல்லும். அவர் பேனாவை மூடிவைத்தார். இலக்கியம் என்ற அபத்தமான, கெடுதலான பழக்கத்தை வாழ்க்கையிலிருந்து துடைத்துவிட்டதாக 1902-ல் டைரியில் எழுதிவைத்தார். மனசை ஆற்றிக்கொள்ள வயலின் வாசித்தார். சிகரெட் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி சிகரெட் என்று சத்தியம் பண்ணிவிட்டு மறுபடியும் பிடித்தார்.

கேட்க ஆள் இல்லாததால் விட்டுவிட்ட ஒரு திறமை உங்களுக்கும் இருக்கலாம். பாட்டு, ஓவியம், எழுத்து, ஏதோ ஒன்று. பேச்சு வந்தா சிரிச்சு மழுப்பிடுவோம். அது அந்தக் காலம் என்போம். ஷ்மிட்ஸ் பண்ணினதும் அதேதான். ஆனா அன்னைக்கு ஏனோ அந்த ரெண்டு பழைய புத்தகத்தையும் எடுத்து வாத்தியார் கையில் கொடுத்துவிட்டார்.

ஜாய்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். அடுத்த வகுப்புக்கு வந்ததும், நீங்கள் கவனிக்கப்படாமல்போன ஒரு பெரிய எழுத்தாளர், அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். சும்மா உபசாரத்துக்குச் சொல்லவில்லை. 'முதுமை' நாவலின் சில பகுதிகளை மனப்பாடமாகவே ஒப்பித்தார். பிரெஞ்சு மொழியின் பெரிய நடையாளர் அனதோல் பிரான்ஸ் வந்தாலும் அந்த இடங்களை இதைவிட நன்றாக எழுத முடியாது என்றார்.

ஷ்மிட்ஸ் ஆடிப்போனார். பத்து வருஷ மௌனத்துக்குப் பிறகு, அதுவும் ஒரு ட்யூஷன் வாத்தியாரிடமிருந்து வந்த முதல் விமர்சனம். அன்றைக்கு ஜாய்ஸ் கிளம்பும்போது அவரும் கூடவே நடந்தார். நகரத்துக்குள் வருகிறவரை தன் தோல்விகளை, தன் எழுத்தை, யாரிடமும் பேசாததையெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

ஹோம்வொர்க் ஒரு நாவலைக் காப்பாத்துச்சு

இப்போ கதை மறுபக்கம் திரும்புது. வாத்தியாருக்கும் ஒரு கைதூக்கிவிடுகிற ஆள் தேவைப்பட்டது.

ஜாய்ஸ் அப்போது தன் இளமைக்காலத்தை வைத்து ஒரு நாவலைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். 'ஓர் இளம் கலைஞனின் சித்திரம்' என்று பின்னால் உலகம் அறிந்த நாவல் அது. மூன்று அத்தியாயம் முடிந்ததும் எழுத்து நின்றுபோனது. ஏற்கெனவே எழுதிய சிறுகதைத் தொகுப்பை எந்தப் பதிப்பாளரும் துணிந்து வெளியிடாத விரக்தி. அந்த மூன்று அத்தியாயங்களையும் ஷ்மிட்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

1909 பிப்ரவரியில் ஷ்மிட்ஸ் தன் கருத்தை ஒரு கடிதமாக எழுதினார். அதுவும் இங்கிலீஷில்! இலக்கணம் அங்கங்கே தடுக்கி விழும். ஆனா கருத்தில் தடுமாற்றமே இல்லை. ரெண்டாவது, மூன்றாவது அத்தியாயங்கள் அவருக்கு மிகவும் பிடித்திருந்தன. முதல் அத்தியாயம் அவ்வளவு எடுபடவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். பாராட்டை மட்டும் எழுதியிருந்தால் ஜாய்ஸ் நம்பியிருக்க மாட்டார். குறையையும் சொன்னதால்தான் பாராட்டு உண்மையானது என்று தெரிந்தது. ஜாய்ஸ் மறுபடி எழுத உட்கார்ந்தார்.

பாதை அதற்குப் பிறகும் சுலபமாக இல்லை. ஒரு கட்டத்தில் கோபத்தில் அந்தக் கைப்பிரதியை நெருப்பிலேயே எறிந்தார். வீட்டில் இருந்தவர்கள் பாய்ந்து எடுத்துக் காப்பாற்றினார்கள். 1909 டிசம்பரில், ட்ரியஸ்ட் வியாபாரிகள் சிலரின் முதலீட்டில் டப்ளினில் வோல்டா என்ற சினிமா தியேட்டரைத் திறந்துபார்த்தார். அடுத்த வருஷமே கைமாறிவிட்டது. அயர்லாந்துக் கம்பளித் துணி விற்றும் பார்த்தார். கடைசியில் எல்லாச் சாலையும் ட்யூஷனுக்கே திரும்பின. 1914-ல்தான் சிறுகதைத் தொகுப்பு 'டப்ளினர்கள்' வெளிவந்தது. அதே வருஷம் லண்டன் பத்திரிகை ஒன்றில் 'சித்திரம்' தொடராக வர ஆரம்பித்தது.

நடுவில், தன்னைப் பற்றியே ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிவரும்படி ஷ்மிட்ஸுக்கு ஹோம்வொர்க் கொடுத்தார் ஜாய்ஸ். மாணவரும் வாத்தியாரை நன்றாகக் கவனித்து எழுதிக்கொண்டு வந்தார். யோசிச்சுப் பாருங்க, உங்க டீச்சர் உங்ககிட்டே என்னைப் பத்திக் கட்டுரை எழுதிட்டு வான்னு சொன்னா எப்படி இருக்கும்?

ஜாய்ஸும் ஷ்மிட்ஸைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். யூதக் குடும்பங்களின் பழக்கவழக்கம், சாப்பாடு, குடும்பக் கதைகள் என்று துருவித் துருவிக் கேட்பார். கேள்வி தாங்காமல் ஷ்மிட்ஸ் ஒருநாள் தம்பி ஸ்டானிஸ்லாஸைப் பிடித்துக்கொண்டு, அயர்லாந்துக்காரர்களைப் பற்றி ஏதாவது ரகசியம் சொல்லு, உன் அண்ணன் எங்களைப் பற்றிக் கேட்கிற கேள்விக்குப் பழிவாங்க வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்டாராம். ஏன் அத்தனை கேள்வி என்பது பின்னால்தான் புரிந்தது. 'யுலிஸஸ்' நாவலின் நாயகன் லியோபோல்ட் புளூம் டப்ளினில் வாழும் ஒரு நடுவயசு யூதர். பொறுமையும் நகைச்சுவையும் உள்ள மனுஷர். அவருக்குள் ஷ்மிட்ஸின் சாயல் நிறைய இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

வாசற்படியைத் தாண்டாத நட்பு

இதையெல்லாம் படிச்சதும், ரெண்டு பேரும் தோள்மேல கை போட்டுக்கிட்டுச் சுத்தினாங்கன்னு நினைச்சுடாதீங்க. உண்மை கொஞ்சம் கசப்பாகவும் இருக்கும்.

ஒருத்தர் தொழிலதிபர். இன்னொருத்தர் மணிக்கணக்கில் கூலி வாங்கும் வாத்தியார். அந்த வீட்டு வாசலைச் சம்பளம் வாங்கும் ஆசிரியராக மட்டுமே தான் மிதித்திருப்பதாகப் பல வருஷம் கழித்துத் தன் தம்பிக்கு எழுதினார் ஜாய்ஸ். தெருவில் எதிரே வந்தால் அந்த வீட்டம்மா தன்னைப் பார்க்காத மாதிரி போய்விடுவார் என்று நோராவுக்கு ஒரு மனக்குறை கடைசிவரை இருந்தது. பூங்கொத்து கொடுத்த அதே லிவியாதான்! மனுஷங்க அப்படித்தானே? கதையைக் கேட்டு உருகுகிற மனசு, அந்தஸ்து விஷயத்தில் இறுகிவிடும்.

ஆனாலும் அந்த உறவு அறுந்துபோகவில்லை. அதில் ரெண்டு பேருக்கும் வேறு யாரிடமும் கிடைக்காத ஒன்று இருந்தது. இவர் எழுத்தை அவரும், அவர் எழுத்தை இவரும் நம்பினார்கள். அந்த ஊரில் அப்படி நம்புவதற்கு வேறு ஆள் அதிகம் இல்லை.

அறுபது வயசைத் தாண்டி வந்த வெற்றி

1914-ல் முதல் உலகப்போர் வெடித்தது. ஜாய்ஸ் பிரிட்டிஷ் பிரஜை. ட்ரியஸ்ட் எதிரி நாடு. தம்பி ஸ்டானிஸ்லாஸை முகாமில் அடைத்தார்கள். 1915-ல் ஜாய்ஸ் குடும்பத்தோடு சூரிச்சுக்குப் போய்விட்டார். ஷ்மிட்ஸ் ட்ரியஸ்ட்டிலேயே இருந்தார். போரால் தொழில் முடங்கியது. கையில் நேரம் இருந்தது. பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

போர் முடிந்ததும் ட்ரியஸ்ட் இத்தாலிக்குப் போனது. ஜாய்ஸ் 1919-ல் திரும்பிவந்து பார்த்துவிட்டு, 1920-ல் பாரிஸுக்குக் குடிபோனார். 'யுலிஸஸ்' முடியும் கட்டம். அதற்கான குறிப்புகள் அடங்கிய பை ட்ரியஸ்ட்டில் தம்பி வீட்டில் கிடந்தது. யாரிடம் கேட்பது? 1921 ஜனவரியில் பழைய ஸ்டூடண்டுக்குத்தான் கடிதம் போட்டார். ட்ரியஸ்ட் ஊர்ப் பேச்சுவழக்கிலேயே, கிண்டலும் கேலியுமாக ஒரு கடிதம். பை பாரிஸ் போய்ச் சேர்ந்தது. 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் 40-வது பிறந்தநாளில் 'யுலிஸஸ்' வெளிவந்தது. ட்யூஷன் வாத்தியார் உலகப் புகழ் எழுத்தாளர் ஆனார்.

1923-ல் ஷ்மிட்ஸும் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். இத்தாலோ ஸ்வேவோ என்ற அதே பழைய பெயரில், 25 வருஷத்துக்குப் பிறகு வந்த மூன்றாவது நாவல், 'ஸேனோவின் மனசாட்சி'. சிகரெட்டை விட நினைத்து நினைத்து விடமுடியாத ஒரு மனுஷன், மனோதத்துவ டாக்டருக்காகத் தன் வாழ்க்கையை எழுதுகிற கதை. யாருடைய சிகரெட் என்று உங்களுக்குத் தெரியும்! இதுவும் கைக்காசு போட்டு வெளியிட்டதுதான். இத்தாலியில் மறுபடியும் அதே மௌனம். அவருக்கு 62 வயசு ஆகியிருந்தது. மனசு உடைந்துபோய், பாரிஸில் இருந்த வாத்தியாருக்கு ஒரு பிரதி அனுப்பினார்.

1924 ஜனவரியில் ஜாய்ஸிடமிருந்து பதில் வந்தது. இதுதான் உங்கள் நாவல்களிலேயே சிறந்தது, கவலையை விடுங்கள் என்ற தைரியத்தோடு ஒரு வேலையும் கொடுத்திருந்தார். யார் யாருக்கெல்லாம் பிரதி அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல். பிரெஞ்சு விமர்சகர்கள் வலேரி லார்போ, பெஞ்சமின் கிரெமியூ, ஆங்கிலக் கவிஞர் டி.எஸ்.எலியட் எல்லாரும் அதில் இருந்தார்கள். அனுப்பச் சொன்னதோடு நிற்காமல், பாரிஸில் அந்த விமர்சகர்களிடம் தானும் பேசினார்.

பலன் வந்தது. இத்தாலியில் இளம் கவிஞர் எவுஜேனியோ மோன்டாலே 1925-ல் ஸ்வேவோவைப் பற்றி எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர் இவர். 1926 பிப்ரவரியில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை ஸ்வேவோவுக்காகவே சிறப்பிதழ் மாதிரி பக்கங்களை ஒதுக்கியது. 64 வயசில், ஒரு ராத்திரியில் என்பதுபோல, பெயின்ட் கம்பெனி முதலாளி ஐரோப்பாவின் முக்கிய நாவலாசிரியர்களில் ஒருவர் ஆனார். ஓடியோடிப் பேட்டி கொடுத்தார். வெற்றி கிடைத்த குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். 1927-ல் மிலான் நகரத்தில் மேடையேறி ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். தலைப்பு என்ன தெரியுமா? ஜேம்ஸ் ஜாய்ஸ். அந்தக் காலத்து ஹோம்வொர்க்கை, இந்த முறை ஊர் முன்னாடி நின்று வாசித்தார்!

கடைசி சிகரெட்

அந்தச் சந்தோஷம் ரெண்டரை வருஷம்தான் நீடித்தது. 1928 செப்டம்பரில் கார் விபத்து. மறுநாள், செப்டம்பர் 13 அன்று ஸ்வேவோ இறந்துபோனார். படுக்கையில் கிடந்தபோது ஒரு சிகரெட் கேட்டதாகவும், கொடுக்க மறுத்ததும், இது நிஜமாகவே கடைசி சிகரெட்டாக இருந்திருக்கும் என்று சொன்னதாகவும் அவர் குடும்பத்தில் சொல்வார்கள்.

ஜாய்ஸ் அப்போது தன் கடைசி நாவலில் மூழ்கியிருந்தார். அதில் டப்ளின் நகரத்தின் ஆறு ஒரு பெண்ணாக வரும். அந்த ஆற்றுப் பெண்ணுக்கு ஜாய்ஸ் வைத்த பெயர் அன்னா லிவியா. லிவியா என்ற பெயரும், அலையலையாகப் புரளும் அவள் நீண்ட தலைமுடியும் யாருடையவை என்று புரிந்திருக்கும். ட்ரியஸ்ட்டில் தோட்டத்துப் பூக்களைப் பறித்துக் கொடுத்த அந்த ஸ்டூடண்ட்! ஜாய்ஸே இதை ஸ்வேவோவுக்கு எழுதித் தெரிவித்திருந்தார். 'முதுமை' நாவல் 1932-ல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கான ஆங்கிலத் தலைப்பைச் சொன்னவரும் ஜாய்ஸ்தான். முன்னுரை எழுதியவர் தம்பி ஸ்டானிஸ்லாஸ். மாணவர் போன பிறகும் வாத்தியார் வீட்டில் அந்தப் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது.

1941 ஜனவரி 13. இன்னொரு உலகப்போருக்குத் தப்பி மறுபடி சூரிச்சுக்கு வந்திருந்த ஜாய்ஸ், வயிற்றுப்புண் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். இல்லாத ஒரு வாத்தியார் வேலையை நம்பி 22 வயசில் நோராவோடு வந்து இறங்கிய அதே ஊர். அங்கேயே அவரைப் புதைத்தார்கள்.

சரி, அத்தனை வருஷ ட்யூஷனில் ஷ்மிட்ஸுக்கு இங்கிலீஷ் வந்துச்சான்னு கேட்கறீங்களா? சுமாராத்தான் வந்தது. கடைசிவரை தட்டுத் தடுமாறித்தான் எழுதினார். ஒரு மொழிப்பள்ளியின் கணக்கில் பார்த்தால் இது பெரிய வெற்றியே இல்லை. ஆனால் தப்பும் தவறுமான அந்த இங்கிலீஷில் அவர் எழுதிய ஒரு கடிதம், நின்றுபோன நாவல் ஒன்றை மறுபடி ஓடவைத்தது. வாத்தியார் ஒருநாள் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய பழைய புத்தகங்களைப் பற்றிப் பேசியது, விட்டுப்போன ஓர் எழுத்தாளரைத் திரும்பக் கொண்டுவந்தது.

இன்றைக்கு ட்ரியஸ்ட்டுக்குப் போனால் ரெண்டு பேரையும் பார்க்கலாம். கால்வாய்ப் பாலத்தின் மேல் தொப்பி போட்டுக்கொண்டு நடந்துபோகிற மாதிரி ஜாய்ஸ் சிலை. கொஞ்ச தூரத்தில் ஒரு சதுக்கத்தில் ஸ்வேவோ சிலை. ரெண்டு பேரும் மேடைமேல் இல்லை, தரையிலேயே நிற்கிறார்கள். பக்கத்தில் போனால், நடந்துபோகிற யாரோ ஒரு வாத்தியாரையும் யாரோ ஒரு ஸ்டூடண்டையும் பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

நீங்க இப்போ ஏதாவது ஒரு மொழி வகுப்பில் இருக்கலாம். அல்லது ராத்திரி வேலை முடிச்சுட்டு யாருக்காவது சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்கலாம். அடுத்த வகுப்பில் இலக்கணம் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் மிச்சமிருந்தா, எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கிட்டே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. இதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு. இங்கிலீஷ்லயே கேளுங்க, பதில் தப்பா வந்தாலும் பரவாயில்லை.